கேட்காமல் மாற்றிய கோப்பு

ஷெரோமிக்கு நல்ல மனசு. அவளோடு பழகியவர்களுக்கு அதுதான் பெரிய தலையிடி. நாலு பேர் சேர்ந்து சாப்பாட்டுக் கடைக்குப் போனால், மற்ற மூவரும் என்ன சாப்பிடவேண்டும் என்பதையும் அவளே சொல்லி முடித்திருப்பாள். மச்சாளின் கலியாணத்துக்கு முதல் நாள் மண்டபத்துக்குப் போய், யார் எந்த மேசையில் என்று மணப்பெண் ஒட்டிவைத்திருந்த பெயர்களையெல்லாம் கழற்றி, தனக்குச் சரியென்று பட்டபடி மாற்றி ஒட்டியவள் அவள். மாற்றியபிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மச்சாள் மட்டும் இன்றுவரைக்கும் அவளோடு முகங்கொடுத்துக் கதைப்பதில்லை.

அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படிப்பட்டதே. கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் ஹெக்டரின் கம்பனி இருந்தது. கம்பனி என்றால் ஹெக்டரும் ஷெரோமியும்தான். மருந்துக் கடைகளில் இருக்கும் பிரிட்ஜ்களுக்குக் காவல் வைக்கிற சின்னப் பெட்டிகளை அவர்கள் செய்து விற்றார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி. உள்ளே ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். பிரிட்ஜ் சூடானாலோ அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்தாலோ கடைக்காரரின் போனுக்கு மெசேஜ் போகும். பெட்டியை விற்பது ஹெக்டர். உள்ளே ஓடும் மென்பொருளைப் பக்கேஜாகக் கட்டி, புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் எல்லாக் கடைகளுக்கும் இணையத்தில் அனுப்புவது ஷெரோமி.

பக்கேஜோடு ஒரு செற்றிங் கோப்பும் போகும். எத்தனை பாகைக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கவேண்டும், யாருக்கு எச்சரிக்கவேண்டும், என்ன வார்த்தையில் என்பதற்கெல்லாம் கம்பனி நினைத்த விடைகள் அதில் இருக்கும். அநேகமான கடைக்காரர்கள் அந்தக் கோப்பைத் திறந்தும் பார்ப்பதில்லை. விஷயம் தெரிந்த சிலர் திறந்து, தங்கள் கடைக்குத் தோதாக மாற்றிவைப்பார்கள். பெட்டி அவர்களுடையது, மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டு. வில்லங்கம் அடுத்த பதிப்பு போகும்போதுதான். கம்பனியின் புதுக் கோப்பைப் போடுவதா, கடைக்காரர் மாற்றியதை அப்படியே விடுவதா? லினக்ஸ் மரியாதை தெரிந்தது. இந்த இடத்தில் நின்று, எதை வைத்திருக்கட்டும் என்று கேட்கும். பதில் வரும்வரை அசையாது.

அந்த மரியாதையால் ஒருமுறை பட்டுவிட்டார்கள். ஒருகொடவத்தையில் ஒரு களஞ்சியத்துப் பெட்டி, அப்டேற்றின் நடுவில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. பெட்டிக்குத் திரை கிடையாது. கேள்வியை யார் பார்ப்பது? நாட்கணக்காக அது காவலும் பார்க்கவில்லை, அப்டேற்றும் ஆகவில்லை. இடையில் பிரிட்ஜ் சூடாகி, அதற்குள் இருந்த மருந்து முழுவதும் பழுதாய்ப் போனது. அன்றிலிருந்து ஹெக்டருக்குக் கேள்வி என்றாலே பிடிக்காது. ஷெரோமிக்கு எப்போதுமே பிடிக்காது.

இதற்குச் சரியான பரிகாரம் என்னவென்று அவளுக்குத் தெரியும். கம்பனியின் விடைகளை ஒரு கோப்பிலும், கடைக்காரரின் மாற்றங்களை வேறொரு கோப்பிலும் வைத்து, இரண்டும் மோதினால் கடைக்காரர் சொன்னதே செல்லும் என்று எழுதிவிடலாம். அதன்பிறகு கம்பனி தன் கோப்பை எத்தனை தரம் மாற்றினாலும் யாருடைய கையெழுத்தும் அழியாது. செய்யவேண்டும், செய்யவேண்டும் என்று மாதக்கணக்காக நினைத்துக்கொண்டேயிருந்தாள்.

இப்படியிருக்கையில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மெசேஜ்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவனம், தன் பழைய இணைப்பை அன்று நண்பகலோடு மூடுவதாக எப்போதோ அறிவித்திருந்தது. ஹெக்டர் அந்த அறிவித்தலைத் திறந்து பார்த்தது வியாழன் மாலை. ஒவ்வொரு பெட்டியின் செற்றிங் கோப்பிலும் ஒரேயொரு வரி மாறவேண்டும். மாறாவிட்டால், எந்தப் பிரிட்ஜுக்கு என்ன நடந்தாலும் எந்தப் பெட்டியாலும் வாய் திறக்கமுடியாது.

"ஃபைலை மாத்தி வச்சிருக்கிற ஆக்களும் இருக்கினம், அங்கிள்," என்றாள் ஷெரோமி. ஹெக்டரும் அவளுடைய அப்பாவும் ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். கம்பனியிலும் அவர் அவளுக்கு அங்கிள்தான்.

"எத்தினை பேர்?"

"பாக்கேல்லை."

"அப்ப எல்லாருக்கும் எங்கட ஃபைலையே போடு. கேள்வி கேட்டு ஒருகொடவத்தையில பட்டது காணும் பிள்ளை. ஆரும் கோல் எடுத்தா பிறகு திருப்பி மாத்திக் குடுப்பம்."

அவள் மறுத்துப் பேசவில்லை. பேச விருப்பமும் இல்லை. புதுக் கோப்பு அவளே பார்த்துப் பார்த்துத் திருத்தியது. கரண்ட் போய் வந்தவுடன் எல்லாப் பிரிட்ஜும் கொஞ்சம் கூடுதலாகக் குளிர்ந்து, பிறகு தானாகவே சரிக்கு வரும். அந்த நேரத்தில் வரும் எச்சரிக்கைகளால் கடைக்காரர்கள் கம்பனியைத் திட்டாத திட்டெல்லாம் திட்டியிருந்தார்கள். ஆகவே, பழைய கோப்பில் சில நிமிடமாக இருந்த காத்திருப்பைக் கூட்டி, கரண்ட் வந்து அரைமணி நேரத்துக்குக் குளிர் எச்சரிக்கை எழாது என்று புதுக் கோப்பில் போட்டிருந்தாள். பொதுவில் பார்த்தால் அது நல்ல முடிவுதான். வெள்ளி காலை, யாரையும் எதையும் கேட்காமல், எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பிவிட்டாள்.

மதியம் ஹெக்டர் மீன் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது, புது இணைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் ஒரு பெட்டிக்குள் நுழைந்தாள். வெள்ளவத்தையில் ஸவாஹிரின் மருந்துக் கடைப் பெட்டி அது. சோதனை மெசேஜ் அனுப்பினால் உடனே பதில் போடுகிற ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

திரையில் பிரிட்ஜின் வெப்பநிலை தெரிந்தது: மூன்று பாகை. நல்ல அளவு. அதன் கீழே பெட்டி ஒரு குறிப்பை எழுதியிருந்தது. கரண்ட் போய் இப்போதுதான் வந்திருக்கிறது, குளிர் எச்சரிக்கை அடக்கப்பட்டுள்ளது. தான் எழுதிய வரி ஒழுங்காக வேலை செய்வதைக் கண்டு அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சோதனை மெசேஜை அனுப்பினாள். பதில் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தபோது இரண்டு பாகை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஸவாஹிர் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார். பள்ளிக்குள் போனால் போனை நிறுத்திவிடுவார். அவருக்குக் கோல் எடுத்தாள். நிறுத்தித்தான் இருந்தது.

அந்தப் பிரிட்ஜ் பழசு. கரண்ட் வந்ததும் அதன் மோட்டர் சிலவேளை நிற்க மறந்து ஓடிக்கொண்டேயிருக்கும், ஒரு தரம் கதவைத் திறந்து சுவிட்சை நிறுத்திப் போட்டால்தான் அடங்கும் என்று ஸவாஹிர் பெட்டியைப் பொருத்திய நாளிலேயே சொல்லியிருந்தார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அவருடைய மகள் ஷிஹாராவுக்கு மூட்டு வருத்தம். மாதம் ஒரு ஊசி போட்டால் பள்ளிக்கூடம் போவாள். ஊசி தவறினால் கட்டிலைவிட்டு எழும்பமாட்டாள். ஊசி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கேட்டதும் கிடைக்காது. கொஞ்சம் சூடானாலும் சமாளிக்கலாம், ஒருதரம் உறைந்துபோனால் அந்த மருந்து செத்த மருந்து. வீட்டுப் பிரிட்ஜை விட்டுக் கடையில் அதை வைப்பதே, கடையில் இந்தப் பெட்டி காவல் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் என்றார். ஷெரோமி அன்று வயரைப் பூட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் "ஓம் நானா, ஓம் நானா" என்று சொன்னாள். இப்போது ஒவ்வொரு சொல்லாக ஞாபகம் வந்தது.

"அங்கிள், வெள்ளவத்தையில எங்களுக்குத் தெரிஞ்ச ஆர் இருக்கினம்?"

"ஏன்?"

"ஸவாஹிர் நானாட பிரிட்ஜ் உறையப் போகுது. கடை பூட்டிக் கிடக்கு."

ஹெக்டர் சோற்றுக் கையோடு எழும்பி வந்து திரையைப் பார்த்தார். ஒன்றரைப் பாகை. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு எதில் ஏறிப் போனாலும் அதற்குள் காரியம் முடிந்துவிடும். அவர் யோசித்து இரண்டு பேருக்குப் போன் போட்டார். ஒருவர் எட்டத்தில் களனியில் நின்றார், மற்றவர் எடுக்கவில்லை.

கம்பனியிடம் ஸவாஹிரின் நம்பர் ஒன்றுதான் இருந்தது. ஆனால் லினக்ஸுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. பயனர் மாற்றிவைத்த கோப்பை அகற்றச் சொன்னாலும் அது ஒரேயடியாக அழித்துவிடாது. வேறு பெயர் கொடுத்து அதே இடத்தில் ஒதுக்கி வைக்கும். ஷெரோமி அந்தப் பழைய கோப்பைத் திறந்தாள்.

ஸவாஹிர் அதை வரி வரியாக மாற்றியிருந்தார். கரண்ட் வந்தபிறகு காத்திருக்கும் நேரம்: பூச்சியம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மெசேஜ் போகவேண்டியது: ரபீக்காவின் நம்பர். கம்பனியின் எச்சரிக்கை வாசகத்தை எடுத்துவிட்டுத் தன்னுடையதை எழுதியிருந்தார்: "ரபீக்கா, ஷிஹாராட ஊசி உறையப் போகுது. சாவிய எடுத்துக்கிட்டு ஓடு."

இந்த நேரத்துக்கு, இந்த ஆபத்துக்கு, அந்த மனிதர் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். காலையில் அதைத் தூக்கி ஒதுக்கியது ஷெரோமியின் கை. அழக்கூட நேரமில்லை.

ரபீக்கா ஸவாஹிரின் மனைவி. வீடு கடைக்குப் பின்னால் இருந்த ஒழுங்கைக்குள். ஷெரோமி அந்த நம்பருக்குக் கோல் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் எடுத்தாள். மூன்றாவது தரம் மறுபக்கத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். மெசேஜும் அனுப்பிப் பார்த்தாள். பரிசு விழுந்திருக்கிறது, கணக்கு முடங்கியிருக்கிறது என்று ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் ஏமாற்றுகிற காலத்தில், அறியாத நம்பரை யார் நம்புவார்கள்? பிழை ரபீக்காவில் இல்லை. ஆனால் பெட்டியின் பெயரில் வந்தால் நம்புவாள். அவளுக்குப் பழக்கமான வார்த்தையில் வந்தால் ஓடுவாள்.

"அவற்ற ஃபைலையே திருப்பிப் போடுறன்," என்றாள் ஷெரோமி.

"போடு, போடு, கெதியாப் போடு."

போட்டாள். பெட்டி உடனே விழித்துக்கொண்டது. ஒரு பாகை, எச்சரிக்கை அனுப்பப்படுகிறது என்று எழுதியது. அடுத்த வரியில், அனுப்ப முடியவில்லை என்றும் எழுதியது.

ஹெக்டர் மேசையில் ஓங்கிக் குத்தினார். "என்ன இது!"

"பழைய லைன் மூடிட்டாங்கள், அங்கிள். இவற்ற ஃபைலில இருக்கிறது பழைய லைன்."

நண்பகல் தாண்டியிருந்தது. அவளுடைய கோப்பை வைத்தால் பெட்டியால் பேசமுடியும், ஆனால் பேசாது. அவருடைய கோப்பை வைத்தால் பேசப் பார்க்கும், ஆனால் குரல் வெளியே வராது. ஷெரோமி அவருடைய கோப்புக்குள் இறங்கி, இணைப்பு என்று இருந்த வரியைத் தேடிப்பிடித்து அழித்து, அந்த ஒரு வரிக்கு மட்டும் தன்னுடையதை எழுதினாள். முதல்தரம் ஒரு எழுத்துப் பிழைத்துப் பெட்டி கோப்பை ஏற்க மறுத்தது. திருத்தினாள். மிச்சம் எதையும் தொடவில்லை, அவர் விட்ட இடைவெளியைக்கூடத் தொடவில்லை.

முக்கால் பாகை. எச்சரிக்கை அனுப்பப்படுகிறது. அனுப்பப்பட்டது.

இனிச் செய்ய ஒன்றுமில்லை. வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். அரைப் பாகை. ஹெக்டர் கையில் காய்ந்துபோன சோற்றோடு அவளுக்குப் பின்னால் நின்று செபம் சொல்லத் தொடங்கினார். ரபீக்கா குளிக்கிறாளோ, தொழுகிறாளோ, போனை வீட்டில் வைத்துவிட்டு எங்கேயும் போய்விட்டாளோ? கால் பாகை. ஊசி வைத்திருக்கும் இடம் பின்பக்கமா முன்பக்கமா என்பதுகூட ஷெரோமிக்குத் தெரியாது. பின்பக்கம் என்றால் ஏற்கனவே உறைந்திருக்கும். எண் அப்படியே நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிள்ளை," என்றார் ஹெக்டர். "ஏறுது."

ஒரு பாகை, இரண்டு, நான்கு என்று கிடுகிடுவென்று ஏறியது. கதவு திறந்துவிட்டது. ஷெரோமி மேசையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அழுது முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று ஹெக்டர் கேட்டார். ஸவாஹிரிடம் சொல்லப் போகிறேன் என்றாள்.

"என்னத்துக்கு? ஒண்டும் பழுதாகேல்லைத்தானே. நீயே போய்க் குழப்பாத. ஊரெல்லாம் கதை பரவினா ஆர் எங்கட பெட்டியை வாங்குவினம்?"

"அவற்ற சாமானை நான் கேக்காம எடுத்துப்போட்டன் அங்கிள்," என்றுவிட்டுப் படியிறங்கினாள். கோட்டை ஸ்டேஷனிலிருந்து ரயிலில் போகும் வழி முழுக்க, என்ன சொல்லவேண்டும் என்பதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கடை திறந்திருந்தது. ஸவாஹிர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக எழும்பி வந்தார்.

"வாங்க புள்ள, வாங்க! ஒங்கட பெட்டி இண்டைக்கி என்ட மகள்ட ஊசியக் காப்பாத்தி ஈக்கி. அல்ஹம்துலில்லாஹ், ரபீக்கா வந்து பாக்கக்கொள்ள பின்னுக்கு ஈந்த சிரப் போத்தல் ஐஸாப் பெய்த்தாம். ஊசி முன்னுக்கு, கதவுக்கிட்ட. ஒண்டும் ஆகல்ல. ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுத்தான் போகோணும்."

உறைந்தது சிரப்தான், ஊசி தப்பிவிட்டது. ஷெரோமிக்கு உயிர் வந்தது. பேசாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போகவும் ஒரு வழி இருந்தது. அவள் நின்றபடியே சொன்னாள்.

"பெட்டி காப்பாத்தேல்லை நானா. நீங்க எழுதி வச்சதுதான் காப்பாத்தினது. காலையில அப்டேற் அனுப்பேக்கை உங்கட ஃபைலை எடுத்துப்போட்டு நான் எங்கடையை வச்சிட்டன். பிறகு கண்டுபிடிச்சு உங்கடையைத் திருப்பி வச்சனான். அதுக்குள்ள உறையப் பாத்திட்டுது."

ஸவாஹிரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. விளங்க அவருக்கு நேரமெடுத்தது. விளங்கியபின் அவர் கத்தவில்லை, அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் இல்லாத நேரம் என்ட கடைக்குள்ள பூந்து, நான் வச்சத எடுத்திட்டு ஒங்கடத வச்சீக்கிறீங்க."

"ஓம் நானா."

"அந்த ஃபைல எழுத நான் எத்தின நாள் உக்காந்த தெரியுமா? ஒரு கோல் எடுத்துக் கேட்டீந்தா வேணாம் எண்டா செல்லப் போற? ஒங்கட ஒரு வரி மாறோணும் எண்டா நானே மாத்தித் தந்தீப்பேனே."

ஷெரோமி வழியில் யோசித்து வைத்த சொற்களில் ஒன்றும் இதற்குப் பொருந்தவில்லை. எல்லாருக்கும் நல்லதென்றுதான் செய்தேன் என்று சொல்ல வாய் வந்தது. நல்லகாலம், சொல்லவில்லை.

ஸவாஹிர் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். பிறகு திரும்பி, "அப்ப மத்தக் கடைங்கள்?" என்று கேட்டார். "இன்னம் யார் யார்ட எடுத்த?"

ஷெரோமி அதை நினைத்துப் பார்க்கவேயில்லை. அழுததும், ரயிலேறியதும், மன்னிப்பை ஒத்திகை பார்த்ததும் எல்லாம் இந்த ஒரு கடைக்காகத்தான். லப்டொப்பை எடுத்து இருமல் மருந்துப் போத்தல்களுக்கு நடுவில் வைத்து, ஸவாஹிரின் முன்னாலேயே ஒவ்வொரு பெட்டியாக உள்ளே நுழைந்து, ஒதுக்கிவைக்கப்பட்ட பழைய கோப்பு இருக்கிறதா என்று தேடினாள். முதல் சில கடைகளில் இல்லை. பிறகு தெஹிவளையில் ஒன்று அகப்பட்டது.

அது மாக்ரெட்டின் கடை. ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தவர், ஓய்வுபெற்றபின் வீட்டு முன் அறையிலேயே மருந்துக் கடை போட்டிருந்தார். பழைய கோப்பில் அவருக்கு யாரோ ஒரேயொரு மாற்றம் செய்து கொடுத்திருந்தார்கள்: மெசேஜ் வேண்டாம், பெட்டியே மணி அடிக்கட்டும். அவருக்குக் கண் மங்கல், போனில் எழுத்து வாசிக்கமாட்டார். கம்பனியின் கோப்பில் மணி கிடையாது. பிரிட்ஜுக்கு மதியம் கரண்ட் நின்றிருந்தது, திரும்பி வரவேயில்லை. பெட்டி பற்றரியில் விழித்திருந்து, மாக்ரெட்டின் போனுக்கு மெசேஜ் மேல் மெசேஜாக அனுப்பியிருந்தது. பிரிட்ஜின் வெப்பநிலை பத்தொன்பது பாகை.

ஷெரோமி கோல் எடுத்தாள். மாக்ரெட் முதல் மணியிலேயே எடுத்தார்.

"அன்ரி, நான் பெட்டிக் கம்பனியில இருந்து ஷெரோமி கதைக்கிறன். உங்கட பிரிட்ஜைக் கொஞ்சம் பாக்கிறீங்களா? காலையில உங்களைக் கேக்காம உங்கட செற்றிங்கை நான் மாத்திப்போட்டன், அன்ரி. மணியை நிப்பாட்டிப்போட்டன்."

"ஓ, நீங்களோ நிப்பாட்டினது?" மாக்ரெட்டின் குரல் மலர்ச்சியாக இருந்தது. "இண்டைக்கு முழுக்க ஒரு சத்தமும் இல்லையே மகள். எல்லாம் நல்லா இருக்கெண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டு இருக்கிறன்."